இறக்கத்தில் எது எதை இழுக்கிறது?

மாத்தளைப் பக்கத்தில் லேண்ட் மாஸ்டர் என்னும் இரண்டு சில்லு டிரெக்டரை ஓட்டப் பழகுகிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு. சமதரையிலும் ஏற்றத்திலும் இடப்பக்கம் திரும்ப, இடக் கைப்பிடியிலுள்ள கிளட்சைப் பிடிக்க வேண்டும். பாரம் ஏற்றிய டிரெயிலரோடு இறக்கத்தில் வரும்போது அதே இடக் கிளட்சைப் பிடித்தால் இயந்திரம் வலப்பக்கம் ஓடிவிடும். காரணம் எளியது. கிளட்சைப் பிடித்ததும் அந்தப் பக்கத்துச் சில்லு எஞ்சினிலிருந்து விடுபடுகிறது. ஏற்றத்தில் மற்றச் சில்லு உந்துவதால் வண்டி விடுபட்ட பக்கம் திரும்புகிறது. இறக்கத்தில் டிரெயிலர் பின்னாலிருந்து தள்ளுகிறது. விடுபட்ட சில்லு வேகமாக உருள, எஞ்சின் பிடித்து வைத்திருக்கும் சில்லு பின்தங்குகிறது. வண்டி எதிர்ப்பக்கம் வளைகிறது. இதை மறந்தவர்கள் வயல் வாய்க்காலுக்குள்ளோ அதைவிட ஆழமான இடத்திலோ போய் விழுந்திருக்கிறார்கள்.

ஜீப்பின் பின்னால் பயண டிரெயிலரைப் பூட்ட நினைக்கும் ஒருவர் முதலில் மனதில் வைக்க வேண்டியதும் இந்தப் பாடத்தைத்தான். ஸ்டியரிங் தலைகீழாகத் திரும்பாது என்பது உண்மை. ஆனால் ஏற்றத்தில் பின்னால் வந்த பாரம் இறக்கத்தில் முன்னால் தள்ளும் என்பது இரண்டுக்கும் பொது. விற்பனைத் தாளில் பெரிய எழுத்தில் போடும் இழுவைத் திறன் ஏற்றத்துக்கான கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. மலையும் சமவெளியும் கலந்த மாத்தளை மாவட்டத்தில் உயிரைக் காப்பது அதற்கடுத்த கேள்விகளின் பதில்கள்: கொக்கி எவ்வளவு தாங்கும், பின் அச்சு எவ்வளவு தாங்கும், இறக்கத்தில் எது பிடித்து நிறுத்தும்.

இந்தக் கேள்வி இப்போது எழக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய மொன்டேரோ, பிராடோ, டிஃபெண்டர், டபள் கெப் எல்லாம் கைமாறிக் கைமாறிப் புது வேலைகளுக்குப் பூட்டப்பட்டன. சீகிரியா, கந்தலம, ரிவஸ்டன் பக்கம் கூடாரத்தோடு போய்த் தங்கும் பழக்கம் இளைஞரிடமும் குடும்பங்களிடமும் வேரூன்றிவிட்டது. கூடாரத்திலிருந்து சில்லு வைத்த படுக்கையறைக்கு ஓர் அடிதான். இரும்புக் குழாய்ச் சட்டத்தில் தகடு ஒட்டிப் பெட்டி செய்து தர ஒரு வெல்டிங் பட்டறை போதும். அந்தப் பெட்டியை எந்த வண்டி எந்தப் பாதையில் இழுக்கலாம் என்று கணக்குப் பார்த்துச் சொல்ல ஆள் கிடைப்பதுதான் அரிது.

கணக்கைக் கொக்கியிலிருந்து தொடங்குவோம். டிரெயிலரின் மொத்த எடையில் ஒரு பங்கு ஜீப்பின் பந்துக் கொக்கி மேல் அமர்கிறது. மாட்டு வண்டிக்காரர் முன்பாரம் என்பார்களே, அதுதான். முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்து அழுந்தும். பின்பாரம் மிஞ்சினால் நுகம் மேலே தூக்கும். ஜீப்பிலும் அதே நியாயம். அமெரிக்காவில் டிரெயிலர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இருக்க வேண்டும் என்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் சுமார் 10. இலகுவான காரவன்களை இழுக்கும் ஐரோப்பாவில் 5 முதல் 7. இந்தப் பங்கு குறைந்தால் டிரெயிலர் வாலாட்டத் தொடங்கும். கூடினால் ஜீப்பின் பின்பக்கம் அமுங்கும்.

இலங்கையில் நாம் மொன்டேரோ என்றும் அவுஸ்திரேலியர் பஜேரோ என்றும் அழைக்கும் வண்டியை எடுத்துக்கொள்வோம். அங்கே விற்ற கடைசித் தலைமுறைக்கு, பிரேக் உள்ள டிரெயிலரை 3,000 கிலோ வரை இழுக்கலாம் என்று அனுமதி. கொக்கிப் பாரத்துக்கோ வேறு கணக்கு: டிரெயிலர் 2,500 கிலோ வரை இருந்தால் கொக்கியில் 250 கிலோ வரை வைக்கலாம், அதைத் தாண்டினால் 180 கிலோதான். 3,000 கிலோவில் 180 என்றால் 6 சதவீதம். வாலாட்டாமல் நிலையாக வர 10 சதவீதம் வேண்டும் என்று அதே நாட்டு வழக்கம் சொல்கிறது. ஆக, மூவாயிரம் என்ற எண் தாளில் இருக்கிறது. நிம்மதியாகப் பயன்படுத்தக்கூடிய எண் இரண்டாயிரத்து ஐந்நூறோடு முடிந்துவிடுகிறது. ஒரு எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கொக்கியில் 150 கிலோ வைத்தால் பின் அச்சில் 150 கிலோ கூடும் என்று நினைப்பதும் பிழை. கொக்கி பின் அச்சுக்கு 1.2 மீற்றர் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.8 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். நெம்புகோல் விதிப்படி பின் அச்சில் 214 கிலோ கூடுகிறது. முன் அச்சில் 64 கிலோ குறைகிறது. திருப்புவதும் பிரேக் போடும்போது பெரும்பங்கு வேலையைச் செய்வதும் முன்சில்லுகள். அவை இலேசாகிவிட்டால் ஈரமான வளைவில் வண்டி கைக்கு அடங்காது. முன்விளக்கு வெளிச்சம் மேலே ஏறி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். இதோடு ஐந்து பேர், அவர்களின் பைகள், ஐஸ் பெட்டி, கூரைமேல் ஒரு கூடாரம் சேர்ந்தால் ஜீப்பு தாங்கக்கூடிய மொத்தப் பாரம், இழுவைத் திறன் பாதிகூட எட்டாத நிலையிலேயே முடிந்துவிடும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு முதலில் முட்டும் எல்லை பெரும்பாலும் இதுதான். எஞ்சின் அல்ல.

வாலாட்டம் பற்றி இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் ஆய்வு நடந்திருக்கிறது. கொக்கிப் பாரமும், டிரெயிலருக்குள் எடை எப்படிப் பரவியிருக்கிறது என்பதுமே நிலைப்பாட்டைத் தீர்மானிப்பதில் முன்னிற்கின்றன என்று அந்த ஆய்வுகள் காட்டின. தண்ணீர்த் தாங்கி, பற்றரி, எரிவாயுச் சிலிண்டர் ஆகியவற்றை அச்சுக்கு நேர் மேலே, தரையோடு ஒட்டி வைக்க வேண்டும். சிலிண்டரை ஒரு முனையிலும் உதிரிச் சில்லை மறுமுனையிலும் கட்டினால் கொக்கிப் பாரம் சரியாக இருப்பதுபோலத் தெரியலாம். ஆனால் ஒருமுறை ஆடத் தொடங்கினால் ஆட்டம் அடங்காது. பட்டறையில் பெட்டி செய்விப்பவர்கள் தளம் போடும் நாளிலேயே இதைச் சொல்லி வைக்க வேண்டும். பெயின்ட் அடித்த பிறகு தாங்கியை நகர்த்த முடியாது. ஏ-9 வீதியில் நாலந்தாவைத் தாண்டி நாவுலவில் இருந்து தம்புள்ளை நோக்கிப் பாதை நேராகும் இடங்களில் வேகம் தானாகக் கூடும். எதிரே வரும் லொறியின் காற்று டிரெயிலரின் பக்கத்தில் அறையும். அப்போது ஆட்டம் வந்தால் ஸ்டியரிங்கை வெட்டக்கூடாது, ஜீப்பின் பிரேக்கை ஏறி மிதிக்கவும் கூடாது. அக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விட வேண்டும். டிரெயிலருக்குத் தனியாக மின் பிரேக் இருந்தால் அதை மட்டும் கையால் மெல்லப் பிடிக்கலாம்.

இனி இறக்கம். மாத்தளை நகரம் கடல் மட்டத்துக்குச் சுமார் 360 மீற்றர் மேலே இருக்கிறது. ரத்தோட்டை வழியாக ஏறி ரிவஸ்டன் கணவாயை அடையும்போது ஏறத்தாழ 1,400 மீற்றர். சுமார் 30 கிலோமீற்றர் பாதையில் ஒரு கிலோமீற்றர் உயரம். அமெரிக்க வாகனப் பொறியியலாளர் சங்கத்தின் ஜே2807 என்ற இழுவைத் தர அளவீட்டில் பேர்போன சோதனை, அரிசோனா மாநிலத்து டேவிஸ் அணைக்கட்டுப் பக்கத்து ஏற்றம்: சுமார் 18 கிலோமீற்றரில் 900 மீற்றர் உயரம், ஏசி முழுவதும் ஓட, கொளுத்தும் வெயிலில், குறைந்த வேக எல்லைக்குக் கீழே போகாமல் ஏற வேண்டும். ரிவஸ்டனின் உயரம் அதற்குச் சளைத்ததல்ல. அங்கே பாதை அகலம். இங்கே எதிரே ஒரு பஸ் வந்தால் இருவரில் ஒருவர் ஒதுங்க இடம் தேட வேண்டிய அகலம், அதன் மேல் கொண்டையூசி வளைவுகள், மழைக்காலத்தில் மூடுபனி.

ஏறிய உயரத்தை இறங்கியாக வேண்டும். ஜீப்பும் டிரெயிலரும் ஆட்களும் சேர்ந்து 3,500 கிலோ என்று வைப்போம். ஆயிரம் மீற்றர் இறங்கும்போது விடுபடும் சக்தி 34 மெகாஜூல். அறை வெப்பத்திலுள்ள நூறு லீட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான சூடு அது. டயர் உராய்விலும் காற்றிலும் ஒரு பங்கு போகும். எஞ்சின் பிடித்து வைத்தால் அது ஒரு பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். எஞ்சின் வாங்காத அத்தனையும் பிரேக் தட்டுகளிலும் பேட்டுகளிலும் இறங்குகிறது. பேட்டு எரியும் வாசனை வந்தால் பாதி ஆபத்து ஏற்கெனவே வந்துவிட்டது. பிரேக் எண்ணெய் கொதித்தால் மிதி தரை வரை போகும். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது; பல ஆண்டுகள் மாற்றாத எண்ணெய் சீக்கிரம் கொதிக்கும். கைமாறி வந்த பழைய ஜீப்பை வைத்திருப்பவர்கள் டிரெயிலர் பூட்டும் முன் செய்ய வேண்டிய முதற் செலவு அதுதான். கொக்கி வாங்குவது அதற்குப் பிறகு.

பத்துச் சதவீதச் சரிவில் 1,500 கிலோ டிரெயிலர் ஏறக்குறைய 150 கிலோ விசையோடு முதுகில் தள்ளிக்கொண்டே இருக்கும். இதை டிரெயிலரின் சொந்தப் பிரேக்தான் தாங்க வேண்டும். ஐரோப்பாவில் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டும் டிரெயிலருக்குப் பிரேக் கட்டாயம். நம் ஊர் லேண்ட் மாஸ்டரைப் பாருங்கள்: ஓட்டுபவர் டிரெயிலரின் முன்பலகையில் அமர்ந்து காலால் மிதிப்பது டிரெயிலர்ச் சில்லுகளின் பிரேக்கை. இரண்டு சில்லு இயந்திரத்தைக் காய்கறிப் பாரத்தோடு நிறுத்துவது அந்த மிதிதான். தோட்டத்துப் பாதையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் வேகத்தில் ஊர்ந்து போகும் வண்டிக்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பு, ஏ-9 இல் லொறிகளோடு ஓடப்போகும் படுக்கையறைப் பெட்டிக்கு இல்லாமல் போவதை ஏற்கவே முடியாது.

டிரெயிலர்ப் பிரேக்கில் இரண்டு வகை புழக்கத்தில் உண்டு. ஒன்று தள்ளு பிரேக்: ஜீப்பு வேகம் குறைக்கும்போது டிரெயிலர் முன்னால் தள்ளுகிறது, கொக்கித் தண்டு உள்ளே அமுங்குகிறது, கம்பி இழுபட்டுப் பிரேக் பிடிக்கிறது. எளிய ஏற்பாடு, ஜீப்பில் எதுவும் மாற்ற வேண்டாம். ஆனால் நீண்ட இறக்கத்தில் டிரெயிலர் இடைவிடாமல் தள்ளுவதால் இந்தப் பிரேக்கும் இடைவிடாமல் பிடித்துக்கொண்டே சூடாகும். மற்றது மின் பிரேக்: ஜீப்பின் மிதியோடு இணைந்து வேலை செய்யும், ஓட்டுபவருக்கு அருகே ஒரு சிறு கைநெம்பும் இருக்கும். எஞ்சினைப் பிடிக்கவிட்டு, இடையிடையே டிரெயிலர்ப் பிரேக்கை மட்டும் சற்றுப் பிடித்து விடும் வசதி இதில்தான் உண்டு. ரத்தோட்டைப் பாதைக்கு மின் பிரேக்கே பொருத்தம் என்பது என் முடிவு. எதுவானாலும் கொக்கி கழன்றால் டிரெயிலரைத் தானே நிறுத்தும் அறுபடு கம்பியும், கொக்கிக்குக் கீழே குறுக்காகப் போட்ட இரண்டு சங்கிலிகளும் வேண்டும். சங்கிலி குறுக்காக இருந்தால்தான் கழன்ற தண்டு தரையில் குத்தாமல் அதன் மேல் தாங்கி நிற்கும்.

மலை லொறி ஓட்டுநர்களின் பழைய விதி ஒன்று: ஏறிய கியரிலேயே இறங்கு. ஆட்டோ கியர் வண்டிக்கும் அது பொருந்தும். டி-யில் விட்டுவிட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவது பேட்டை எரிப்பதற்கான வழி. லோ ரேஞ்ச் உள்ள ஜீப்பில் செங்குத்தான ஈரமில்லாத மண்பாதைக்கு அது கைகொடுக்கும். தார்ப் பாதையில், நான்கு சில்லையும் இறுகப் பூட்டும் பழைய வகை ஜீப்பில் லோ ரேஞ்சில் வளைவுகளை எடுப்பது உள்ளுறுப்புகளை முறுக்கும்.

எந்த வண்டி என்ற கேள்விக்கு இங்கே வரலாம். சட்டம் தனி, பொடி தனி என்று கட்டிய வண்டிகள் இந்த வேலைக்கே பிறந்தவை. பழைய டிஃபெண்டர் 110க்கும் பிந்திய டீசல் ஹைலக்ஸுக்கும் பல நாடுகளில் பிரேக் உள்ள டிரெயிலருக்கு 3,500 கிலோ, பிரேக் இல்லாததற்கு 750 கிலோ. 150 வரிசைப் பிராடோவின் பிந்திய டீசல் ஆட்டோவுக்கு 3,000. ஜிம்னி மலையில் ஆடு மாதிரி ஏறும். ஆனால் இழுவை 1,300 கிலோ, பிரேக் இல்லாவிட்டால் 350 தான். குட்டையும் இலேசுமான வண்டி என்பதால் அந்த 1,300 ஐயும் நான் முழுமையாக நம்பமாட்டேன். பிரித்தானியக் காரவன் சங்கங்கள் புதியவர்களுக்குச் சொல்லும் அளவு, பாரம் ஏற்றிய டிரெயிலர் இழுக்கும் வண்டியின் எடையில் 85 சதவீதத்துக்கு மேற்படக்கூடாது என்பது. அது அந்த நாட்டு மோட்டார்வேக்களுக்குச் சொன்னது. ரத்தோட்டைக்கு மேலே போகிறவர் பாதியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வெளித்தோற்றத்தை நம்பக்கூடாது என்பதற்கு ரவ்-4 நல்ல எடுத்துக்காட்டு. அவுஸ்திரேலியாவில் 2019 இல் வந்த ஹைபிரிட் ரவ்-4 இன் நான்கு சில்லு உந்தல் வகைக்கு 1,500 கிலோ. அச்சு அசலாக அதேபோல் இருக்கும் இரு சில்லு உந்தல் வகைக்கு 480 கிலோ. நம் தெருக்களில் நிறைந்திருக்கும் வெசலும் ரெய்ஸும் ஜீப்பு போல உயர்ந்து நின்றாலும் உள்ளே கார்கள். ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்து, பழையதாக இங்கே வந்தவை. அவற்றின் கையேடு ஜப்பானிய மொழியில் இருப்பதால் ‘எங்கும் எழுதவில்லை, அதனால் தடையில்லை’ என்று எடுத்துக்கொள்வது ஆபத்து. எழுதியிராத இழுவைத் திறனை இல்லை என்றே கொள்ள வேண்டும். பம்பரோடு ஒட்டிய கொக்கியும் அப்படியே. உற்பத்தியாளர் காட்டிய துளைகளில், அடிச்சட்டத்தோடு ஆணி முடுக்கிய கொக்கிதான் கொக்கி.

வெளிநாட்டிலிருந்து முழு டிரெயிலரை வரவழைக்க எண்ணுகிறவர்கள் கதவைப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் காரவனின் கதவு வலப்பக்கம். அங்கே வீதி ஓரம் வலப்பக்கம். இங்கே அது ஓடும் வாகனங்களின் பக்கம். பிள்ளைகள் இறங்குவது வீதி நடுவில் ஆகிவிடும். பிரித்தானிய, அவுஸ்திரேலிய டிரெயிலர்களின் கதவு இடப்பக்கம் என்பதால் நமக்குப் பொருந்தும். அமெரிக்க வகையின் 120 வோல்ட் மின்னமைப்பும் இங்குள்ள 230க்கு ஒவ்வாது.

சட்டத்தில் ஒரு எண் இந்த விவாதத்தின் பெரும்பகுதியை முன்கூட்டியே முடித்து வைக்கிறது. இலங்கையின் பி வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் தம் வண்டியோடு பூட்டக்கூடிய டிரெயிலரின் வெற்று எடை 250 கிலோவுக்கு மேற்படக்கூடாது. லேண்ட் மாஸ்டருக்கு ஜி1, டிரெக்டருக்கு ஜி என்று தனி வகுப்புகள். டிரெயிலருக்குத் தனிப் பதிவும் உண்டு. இருவர் படுக்கும் சாதாரண ஐரோப்பியக் காரவனே வெறுமையில் இந்த அளவைப்போலப் பல மடங்கு. ஆகவே 3,500 கிலோ இழுக்கும் ஜீப்பை வைத்திருப்பவரும் குடும்ப அனுமதிப்பத்திரத்தோடு ஒரு பெரிய காரவனைப் பூட்டிக்கொண்டு பலகடுவ ஏற்றத்தில் ஏற முடியாது. விபத்து நடந்தால் காப்புறுதிக் கம்பனி கேட்கும் முதற் கேள்வி அனுமதிப்பத்திர வகுப்பைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

இதைத் தடை என்று குறைபடுவோர் உண்டு. மாத்தளைக்கு இது நல்ல அளவு என்றே நான் நினைக்கிறேன். 250 கிலோ வெற்று எடைக்குள் அலுமினியச் சட்டமும் இலேசான பலகையும் வைத்து, இருவர் படுக்கும் இடமும் பின்கதவைத் திறந்தால் சமையல் மேசையும் கொண்ட சிறு பெட்டி செய்ய முடியும். உள்ளே தண்ணீர், படுக்கை, பாத்திரம், சிலிண்டர் சேர்த்து நானூறு, ஐந்நூறு கிலோவுக்குள் அடக்கலாம். அந்த எடையில் கொக்கிப் பாரம் ஐம்பது கிலோ. பின் அச்சு நோகாது. ஐந்நூறு கிலோவுக்குப் பிரேக் கட்டாயமில்லை என்பது ஐரோப்பியச் சட்டம். மலைக்குப் போகும் பெட்டிக்கு நான் ஐந்நூறிலும் பிரேக் கேட்பேன். நமது விதிகளில் எடை எல்லை சொல்லியிருப்பதுபோல, பயணிகள் படுக்கும் டிரெயிலருக்குப் பிரேக்கும் அறுபடு கம்பியும் பின்விளக்கும் கட்டாயம் என்று மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் எழுதிவைக்க வேண்டும். இரவில் ஏ-9 இல் விளக்கில்லாத டிரெயிலர்களின் பின்னால் மோதும் கொடுமையை இந்த மாவட்டத்தார் போதியளவு பார்த்தாயிற்று.

பாதையையும் எடைபோட்டுத் தேர வேண்டும். கண்டியிலிருந்து அக்குறணை, அலவத்துகொட, பலகடுவ வழியாக மாத்தளைக்கு வருவது நெரிசலும் வளைவும் கொண்டது. விடியற்காலையில் வந்தால் சமாளிக்கலாம். மாத்தளையிலிருந்து தம்புள்ளை, அங்கிருந்து சீகிரியா அல்லது கந்தலமக் குளக்கரை டிரெயிலருக்கு ஏற்ற பாதை. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தைச் சுற்றிக் காய்கறி லொறிகள் குவியும் நேரத்தைத் தவிர்த்தால் போதும். எல்கடுவ, செம்புவத்தைப் பக்கத் தோட்டப் பாதைகள் வேறு. அங்கே டிரெயிலரின் சில்லுகள் ஜீப்பின் தடத்தில் வராமல் வளைவின் உட்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். உட்பக்கம் வடிகானாக இருந்தால் ஒரு சில்லு அதற்குள் இறங்கும். பின்னோக்கி எடுக்கவும் இடமிருக்காது. ரிவஸ்டன், பிட்டவலப் பத்தனை, இலுக்கும்புர போக விரும்புவோர் டிரெயிலரை மாத்தளையிலோ ரத்தோட்டையிலோ தங்குமிடத்தில் விட்டுவிட்டு ஜீப்பை மட்டும் கொண்டு ஏறுவதே சரி. இவ்விடங்கள் அமைந்த நக்கிள்ஸ் மலைக்காடு 2010 முதல் உலக மரபுரிமையின் பகுதி; காட்டு ஓரத்தில் கண்ட இடத்தில் பெட்டியை நிறுத்திப் படுக்க இடமும் இல்லை, அனுமதியும் இல்லை.

கடைசியாக, வீட்டில் உட்கார்ந்து போடும் எந்தக் கணக்கும் எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பதற்கு ஈடாகாது. கலேவெல, தம்புள்ளைப் பக்கத்தில் நெல் ஆலைகளும் களஞ்சியங்களும் இருக்கும் இடத்தில் எடைமேடை இருக்கும். ஒரு சிறு தொகை கொடுத்தால் நிறுத்துத் தருவார்கள். பயணம் போகும் நாளைப்போலவே ஆட்கள், தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். முதலில் டிரெயிலரைக் கழற்றிவிட்டு ஜீப்பை மட்டும் நிறுக்க வேண்டும். பிறகு பூட்டி, டிரெயிலர்ச் சில்லுகள் மேடைக்கு வெளியே நிற்க, ஜீப்பை நிறுக்க வேண்டும். மூன்றாவதாக இரண்டையும் மேடையில் ஏற்ற வேண்டும். 2,700, 2,755, 3,200 என்று வந்தது என்று வைப்போம். முதலிரண்டின் வித்தியாசம் 55: கொக்கிப் பாரம். முதலுக்கும் மூன்றாவதுக்கும் வித்தியாசம் 500: டிரெயிலரின் முழு எடை. கொக்கியின் பங்கு 11 சதவீதம், டிரெயிலர் ஜீப்பின் எடையில் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு, புறப்படலாம். பங்கு ஐந்துக்குக் கீழே வந்தால் சாமான்களை முன்னால் நகர்த்தி மீண்டும் நிறுக்க வேண்டும். 2,755 என்ற அந்த நடு எண், கதவு நிலையில் ஒட்டிய தகட்டிலோ கையேட்டிலோ போட்டிருக்கும் ஜீப்பின் உச்ச எடையைத் தாண்டினால், முதலில் கூரைமேல் உள்ளதை இறக்க வேண்டும். அதற்குப் பிறகும் தாண்டினால் அந்த டிரெயிலர் அந்த ஜீப்புக்கு உரியதல்ல.